இஸ்ஆல்ஃபாவில் ஒரு வரி மாற்றம்: பைத்தானுக்கு அனுப்பும் முன் பார்த்துச் சொல்லுங்கள்

கெடிலக்கரை · கடலூர் முதுநகர் · சனி இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு மீனவர் சங்கத்துக்கு உறுப்பினர் பதிவேடு செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பைத்தான் மொழி, வலைச் செயலி கட்ட உதவும் ஜாங்கோ. பெயர் கட்டத்தில் எண்ணோ கண்ட குறியோ வரக்கூடாது என்று, எல்லாமே எழுத்துதானா என்று பார்த்து ட்ரூ (ஆம்) அல்லது ஃபால்ஸ் (இல்லை) சொல்லும் இஸ்ஆல்ஃபா செயல்பாட்டை வைத்துச் சோதித்தேன். ஆங்கிலத்தில் அடித்தால் வம்பில்லை. தமிழில் அடித்தால் ஏறக்குறைய எந்தப் பெயரும் உள்ளே போகவில்லை. 'கனகா' போகாது, 'முருகன்' போகாது, 'அஞ்சலை' போகாது.

டெர்மினலில் தனியாகப் போட்டுப் பார்த்தேன். 'பல' கொடுத்தால் ட்ரூ. 'பலா' ஃபால்ஸ். 'பல்' ஃபால்ஸ். கால், கொம்பு, புள்ளி, எது ஒட்டினாலும் அது எழுத்தில்லை என்கிறது. ஆனால் அதே 'முருகன்' என்பதை மாறியின் பெயராக வைத்தால் பைத்தான் ஒரு வார்த்தை பேசாமல் ஏற்றுக்கொள்கிறது! மாறிப் பெயராக ஆகுமா என்று பார்க்கும் இஸ்ஐடென்டிஃபையர் ட்ரூ, இஸ்ஆல்ஃபா ஃபால்ஸ். கடுப்பாகிவிட்டது.

சரி, ஆணிவேரையே பார்த்துவிடுவோம் என்று பைத்தானின் மூலநிரல் களஞ்சியமான சீபைத்தான் ரெப்போவை இறக்கினேன். டூல்ஸ் அடைவுக்குள் யூனிகோடு என்று ஒரு அடைவு, அதற்குள் மேக்யூனிகோடுடேட்டா என்று ஒரு நிரல். யூனிகோடு பட்டியலில் ஒவ்வொரு குறியும் என்ன வகை என்று பார்க்கிறது. எல்எம், எல்டி, எல்யூ, எல்எல், எல்ஓ, இந்த ஐந்தில் ஒன்றாக இருந்தால் மட்டும் 'ஆல்ஃபா' என்று குறிக்கிறது. எல் என்று தொடங்குபவை எழுத்து வகைகள். நம் உயிர்மெய்க் குறிகள் ஒட்டுக்குறிகளுக்கான எம்சி, எம்என் வகையில் இருக்கின்றன. புள்ளி எம்என். மற்றவை பெரும்பாலும் எம்சி, ஈகாரக் குறி மட்டும் எதற்கோ எம்என்னில் போய் உட்கார்ந்திருக்கிறது.

அந்த ஐந்தோடு இந்த இரண்டையும் சேர்த்தேன். ஒரே வரி. அட்டவணையை மறுபடி உருவாக்கிக் கம்பைல் செய்தேன். 'முருகன்' ட்ரூ, 'அஞ்சலை' ட்ரூ.

இதை பேட்சாக (திருத்தமாக) அனுப்பலாம் என்று இருக்கிறேன். பைத்தானுக்கு அனுப்புவது இதுதான் முதல் தடவை. அனுபவம் உள்ளவர்கள் பார்த்துச் சொன்னால் நல்லது.

---

சில்வர்பீச் · கடலூர் · சனி இரவு 9:58

மாஸ் தல. கேக்கவே வேணாம், அனுப்பிடு. இத்தன வருஷமா ஒருத்தனும் கண்டுக்கல பாரு. நம்ம மொழின்னாலே அவங்களுக்கு இளக்காரம். ஃப்ரெஞ்சுக்கோ ஜெர்மனுக்கோ இப்படி ஆயிருந்தா மறுநாளே சரி பண்ணிருப்பானுங்க.

---

பழைய_கமிட் · காலாப்பட்டு · சனி இரவு 10:31

தம்பி, மூலநிரலைத் திறந்து சரியான இடத்தைப் பிடித்ததற்கே பாராட்டு. பாதிப் பேர் அதற்கு முன்பே திரும்பிவிடுவார்கள்.

அனுப்புவதற்கு முன் மூன்று காரியம் செய்து பாருங்கள். டெஸ்ட் தொகுப்பு முழுவதையும் ஓட்டுங்கள், குறைந்தபட்சம் யூனிகோடுடேட்டா, ஸ்ட்ரிங், ரீ (தேடல் தொகுதி) மூன்றுக்கும். அடுத்து, முன்னால் எழுத்தே இல்லாமல் வெறும் புள்ளியை மட்டும் இஸ்ஆல்ஃபாவுக்குக் கொடுத்துப் பாருங்கள். கடைசியாக, வாட்சப்பில் அனுப்புகிறோமே சிவப்பு இதயம், அதன் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு வேரியேஷன் செலக்டர் (முன்னால் உள்ள குறி எந்த வடிவில் தெரிய வேண்டும் என்று சொல்லும் குறி) ஒட்டிக்கொண்டு வரும். அதை மட்டும் தனியாக எடுத்துக் கொடுத்துப் பாருங்கள்.

என்ன வருகிறது என்று இங்கேயே போடுங்கள்.

---

கெடிலக்கரை · ஞாயிறு காலை 7:15

அண்ணா, பார்த்துவிட்டேன்.

வெறும் புள்ளி: ட்ரூ. இதயத்தின் வால்: அதுவும் ட்ரூ. சிரிப்பாக இருக்கிறது, கண்ணுக்கே தெரியாத ஒன்றை எழுத்து என்கிறது.

யூனிகோடுடேட்டா டெஸ்ட் தோற்கிறது. செக்சம் (சரிபார்ப்பு எண்) பொருந்தவில்லையாம். உள்ளே பார்த்தால் நீளமான ஒரு ஹாஷ் எண்ணை எழுதி வைத்திருக்கிறார்கள். புதிதாக வருகிற எண்ணை அங்கே போட்டால் டெஸ்ட் பச்சையாகிவிடுகிறது. அதையும் பேட்சில் சேர்த்துவிடட்டுமா?

---

பழைய_கமிட் · ஞாயிறு காலை 8:50

அந்த எண்ணைத் தொடாதீர்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ரிவ்யூ செய்கிறவர் கண்ணில் இது எப்படித் தெரியும் என்று.

அந்த டெஸ்ட் குறிகளை வரிசையாக எடுத்து இஸ்ஆல்ஃபா, இஸ்டிஜிட், இஸ்அல்நம் என்று எல்லாவற்றையும் கேட்டு, வந்த பதில்களை மொத்தமாகச் சேர்த்து ஒரு ஹாஷ் எடுக்கிறது. எங்கோ ஒரு மூலையில் ஒரு குறியின் பதில் மாறினாலும் எண் மாறிவிடும். புதிய யூனிகோடு பதிப்புக்கு மாறும்போது அந்த எண்ணையும் மாற்றுவது வழக்கம்தான், அதில் தப்பில்லை. இங்கே யூனிகோடு மாறவில்லை, நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள். அதைத்தான் அந்த டெஸ்ட் பிடித்துக் கொடுத்திருக்கிறது. விளக்கம் எதுவும் இல்லாமல் செக்சம் மாறியிருப்பதைப் பார்த்தால் ரிவ்யூ செய்கிறவர் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார்.

அடுத்தது, இது பக் (பிழை) தானா இல்லையா என்பது. இஸ்ஆல்ஃபாவின் ஆவணத்தை எடுத்துப் படியுங்கள். அந்த ஐந்து வகைதான் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. யூனிகோடு சொல்லும் 'ஆல்ஃபபெடிக்' பண்பு வேறு, இது வேறு என்றும் ஒரு வாக்கியம் இருக்கிறது. சொன்னபடி நடந்தால் அது பக் இல்லை, உங்களுக்குப் பிடிக்காத வடிவமைப்பு. பக் என்றால் திருத்தம் அடுத்த பதிப்பு உருவாகும் மெயின் பிராஞ்சில் ஏறி, பிறகு பராமரிப்பில் இருக்கும் பழைய பதிப்புகளுக்கும் போகும். நடத்தையையே மாற்றுவதென்றால் மெயினில் மட்டும்தான், அதுவும் டிஸ்கோர்ஸ் விவாத மன்றத்தில் முதலில் பேசி, தேவைப்பட்டால் பெப் என்னும் முறையான முன்மொழிவு எழுதி, பைத்தானை வழிநடத்தும் ஸ்டியரிங் கவுன்சில் வரை போய் வர வேண்டும்.

மூன்றாவதுதான் பெரிய சங்கதி. உங்கள் ஒரு வரி இஸ்ஆல்ஃபாவோடு நிற்காது. இஸ்அல்நம் இஸ்ஆல்ஃபாவைக் கேட்கிறது. ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (உரையில் தேடும் வடிவக் குறிப்பு) 'சொல்லில் வரும் எழுத்து' என்று பொருள்படும் பேக்ஸ்லாஷ் டபிள்யூ, இஸ்அல்நம்மைக் கேட்கிறது. சொல்லின் எல்லையைக் காட்டும் பேக்ஸ்லாஷ் பி, அந்த டபிள்யூவைக் கேட்கிறது. ஆக, பெயர் கட்டத்துக்காகச் செய்த மாற்றம் உலகத்தில் யார் யாரோ எழுதிய தேடல் நிரல்களின் விடையையும் மாற்றுகிறது. அரபி, ஹீப்ரூ, தாய், தேவநாகரி எல்லாம் இதில் வரும்.

சரி, யூனிகோடின் ஆல்ஃபபெடிக் பண்பையே எடுத்துக்கொள்ளலாமே என்று அடுத்த யோசனை வரும். எனக்கும் வந்தது. பார்த்தேன். ஆ, இ, உ, ஐ குறிகளெல்லாம் ஆல்ஃபபெடிக்தான், புள்ளி மட்டும் இல்லை! 'கனகா' தேறிவிடுவாள், 'முருகன்' வெளியேதான் நிற்பார். இஸ்ஆல்ஃபாவை எந்தப் பக்கம் இழுத்தாலும் தமிழ்ச் சொல்லை அது முழுசாகப் போர்த்தாது. அது ஒவ்வொரு குறியாகத் தனித்தனியே கேட்கிறது. நம் எழுத்து குறிகள் சேர்ந்து உருவாவது.

அதனால் இஸ்ஆல்ஃபாவை விட்டுவிடுங்கள் என்பேன். ஆனால் பேக்ஸ்லாஷ் டபிள்யூ விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம். அது நிஜமாகவே நமக்கு உடைந்துதான் கிடக்கிறது.

---

சில்வர்பீச் · ஞாயிறு காலை 9:20

உடஞ்சிருக்குன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப எவனும் ரிப்போர்ட் பண்ணலையா இத்தன நாளா?

---

பழைய_கமிட் · ஞாயிறு காலை 9:34

பண்ணியிருக்கிறார்கள். 2007-இலேயே ஒன்று, எண் 1693050, ரோமன் அல்லாத எழுத்துகளுக்கு டபிள்யூ உதவவில்லை என்று. 2011-இல் இன்னொன்று, 12731, ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கான யூனிகோடின் யூடிஎஸ் 18 ஆவணம் சொல்கிறபடி ரீ நடக்கவில்லை என்று. இரண்டுமே பழைய டிராக்கர் (புகார்ப் பட்டியல்) எண்கள். 2022-இல் எல்லாப் புகாரும் கிட்ஹப்புக்கு மாறியபோது புது எண் வந்துவிட்டது, பழைய எண்ணைக் கொடுத்தாலும் தேடலில் கிடைக்கும்.

---

சில்வர்பீச் · ஞாயிறு காலை 9:41

2007! அப்ப தெரிஞ்சேதான் சும்மா உக்காந்திருக்காங்க. இது இளக்காரம் இல்லாம இன்னா?

---

மணிக்கூண்டு · முத்தியால்பேட்டை, புதுச்சேரி · ஞாயிறு பகல் 12:10

சில்வர்பீச் தம்பி, கோபம் புரிகிறது. ஆனால் அந்த 2007 புகார் தமிழைப் பற்றியதே இல்லை, தேவநாகரியை வைத்துப் பேசியது. இந்தி படிக்கிற அத்தனை கோடிப் பேருக்கும் இதே கதிதான். இளக்காரம் என்றால் எல்லோர் மேலும் சமமாக இருக்கிறது :)

நான் சீபைத்தானில் புகார்களைப் பிரித்துப் பார்க்கிற வேலையை, மற்றவர்களின் பேட்சைச் சோதிக்கிற வேலையை, நேரம் கிடைக்கும்போது செய்கிறேன். மெர்ஜ் செய்யும் (பேட்சை மூலநிரலில் சேர்க்கும்) உரிமை எனக்கில்லை, அது கோர் டெவலப்பர்களுக்கு. ஆனால் ரிவ்யூ யார் வேண்டுமானாலும் செய்யலாம். இந்த விஷயமே நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. எல்லோரும் 'நான் எந்த பக் எடுக்கட்டும்' என்றுதான் கேட்கிறார்கள். திறந்து கிடக்கிற புகார் ஆயிரக்கணக்கில். பேட்சும் குவிந்து கிடக்கிறது. அதைப் படித்துப் பார்க்க ஆள்தான் இல்லை. 2021-இல் பைத்தான் அறக்கட்டளை லூகாஸ் லங்காவைச் சம்பளத்துக்கு நியமித்து, தேங்கிய பேட்சுகளைப் பார்ப்பதையும் அவர் வேலையில் ஒரு பங்காக வைத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் எப்படிப் பார்ப்பேன் என்று சொல்கிறேன். பேட்சைத் திறந்ததும் நேராக டெஸ்ட் கோப்புக்குப் போவேன். திருத்தம் என்ன என்று முதலில் படிக்க மாட்டேன், படித்தால் மூளை அதற்கு ஒத்து ஊத ஆரம்பித்துவிடும். டெஸ்டைப் பார்த்து இவர் எதைச் சாதிக்க நினைக்கிறார் என்று புரிந்துகொள்வேன். பிறகு என் லேப்டாப்பில் பிழை தேட உதவும் பைடீபக் தெரிவை வைத்துக் கம்பைல் செய்வேன். டெஸ்டை மட்டும் வைத்துக்கொண்டு திருத்தத்தை நீக்கி ஓட்டுவேன். அது தோற்க வேண்டும். தோற்கவில்லை என்றால் அந்த டெஸ்ட் எதையும் சோதிக்கவில்லை என்று அர்த்தம். இந்த ஒரு படியிலேயே எத்தனையோ பேட்ச் மாட்டிக்கொள்ளும். பிறகு திருத்தத்தைச் சேர்த்து ஓட்டினால் தேற வேண்டும். சி நிரலைத் தொட்டிருந்தால் ஆர் 3:3 கொடுத்து ரெஃபரன்ஸ் கசிகிறதா என்று பார்ப்பேன். பைத்தானில் ஒரு பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கு ஒன்று ஓடும், பிழை வந்து பாதியில் வெளியேறும் வழியில் அதைக் குறைக்க மறந்துவிடுவார்கள். கசிவு பெரும்பாலும் அங்கேதான். அதனால் நல்லபடியாகப் போகும் வழியை விட, தோற்கும் வழியை நிதானமாகப் படிப்பேன்.

எந்த ஓஎஸ், எந்தக் கமிட் (பதிவான மாற்றம்), என்ன ஓட்டினேன், என்ன வந்தது, இது நான்கையும் கமெண்டில் எழுதிவிடுவேன். சும்மா 'நல்லா இருக்கு' என்று போட்டால் யாருக்கும் பயனில்லை. கோர் டெவலப்பர் இல்லாத ஒருவர் அப்ரூவ் செய்தாலும் லேபிள் 'அவெய்ட்டிங் கோர் ரிவ்யூ' என்று மாறும், வரிசையில் ஒரு படி முன்னே.

இதற்குப் பெரிய இணைய வசதி கூட வேண்டாம். ஃபெஞ்சல் புயல் அன்று, 2024 நவம்பர் 30, ஊரே இருட்டு. ரெப்போ முழுசும் லேப்டாப்பில் இருந்தது. பேட்டரி தீரும் வரை ஒரு பேட்சைப் படித்துக் குறிப்பெழுதி, லைன் வந்த பிறகு ஏற்றினேன்.

கெடிலக்கரை, டபிள்யூவுக்கு நீங்கள் ஒரு நல்ல உதாரணம் கொடுத்தால் அதுவே பெரிய காரியம். 'கடலூர்' மாதிரி.

---

கெடிலக்கரை · ஞாயிறு மதியம் 2:25

அக்கா, கொடுத்துப் பார்த்தேன். நம் ஊர் பேரே இரண்டாக உடைகிறது: 'கடல', 'ர'. ஊகாரமும் புள்ளியும் காணாமல் போய்விட்டன. 'புதுச்சேரி' இன்னும் மோசம், ஐந்து துண்டு, எல்லாமே ஒற்றை எழுத்து: ப, த, ச, ச, ர.

அதைவிட ஒரு கூத்து. பேக்ஸ்லாஷ் பி இரண்டு பக்கமும் வைத்து 'கடல்' என்று தனிச் சொல்லாகத் தேடினேன். 'கடல் அலை' என்ற வரியில் கிடைக்கவில்லை. 'கடல்சார் வாரியம்' என்ற வரியில் கிடைக்கிறது! தனியாக நிற்பது தெரியவில்லை, இன்னொன்றோடு ஒட்டி நிற்பது தனிச் சொல் என்கிறது. உட்கார்ந்து யோசித்த பிறகுதான் புரிந்தது. புள்ளி சொல் எழுத்து இல்லை, அடுத்த இடைவெளியும் இல்லை, இரண்டுக்கும் நடுவே எல்லை கிடையாது. ஆனால் புள்ளிக்கும் 'சா'வுக்கும் நடுவே எல்லை இருக்கிறது.

---

பழைய_கமிட் · ஞாயிறு மாலை 4:02

அருமையான உதாரணம். இரண்டு வரி, யார் வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம், எதிர்பார்த்தது என்ன, வந்தது என்ன என்று தெளிவாக இருக்கிறது. புகார் என்றால் இப்படி இருக்க வேண்டும். பழைய இழையில் ஏற்கெனவே இது மாதிரி இல்லையென்றால் மட்டும் சேருங்கள், 'எனக்கும் இதே பிரச்சினை' என்று ஒற்றை வரி போடுவதைத் தவிர்க்கலாம்.

பெர்லில் இதே தேடல் சரியாக நடக்கும், டபிள்யூவில் எம் வகைக் குறிகளைச் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். ரஸ்டின் ரெஜெக்ஸும் அப்படியே. பைத்தானிலும் 'ரெஜெக்ஸ்' என்று தனியாக நிறுவிக்கொள்ளும் தொகுதி ஒன்று இருக்கிறது, அதன் விளக்கக் குறிப்பிலேயே 1693050 என்ற எண்ணைச் சொல்லித்தான் டபிள்யூவை விரித்திருக்கிறார்கள். பேக்ஸ்லாஷ் பெரிய எக்ஸ் கொடுத்தால் 'கடலூர்' என்பதை க, ட, லூ, ர் என்று நான்கு எழுத்தாகப் பிரித்துத் தரும். உங்கள் சங்கத்து வேலைக்கு அதை இன்றைக்கே வைத்துக்கொள்ளலாம்.

ரீயை ஏன் இன்னும் மாற்றவில்லை என்றால், பதினைந்து இருபது வருஷமாக ஒரு நடத்தை நிலைத்துவிட்டது. பழகிய பிழையை நம்பி எழுதிய நிரல்கள் உலகம் முழுக்க ஓடுகின்றன. அவற்றுக்கு எச்சரிக்கை கொடுத்து, எப்போது மாறும் என்று சொல்லி, வேகம் குறையாமல் செய்து, டெஸ்டும் எழுதி, கேள்வி கேட்கிறவர்களுக்கெல்லாம் சளைக்காமல் பதில் சொல்லி முடிக்க ஒருவர் முன்வர வேண்டும். நிரல் அதில் ஒரு சின்னப் பங்குதான்.

---

ஏர்போர்ட்_ரோடு · லாஸ்பேட்டை · ஞாயிறு மாலை 6:48

நான் பிஹெச்பி ஆள், குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும் தோழர்களே. 'ஒரு வரிதானே, மெர்ஜ் செய்தால் என்ன' என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு 2021 மார்ச் 28 ஞாபகம் வரும். பிஹெச்பியின் சொந்த கிட் சர்வரில் இரண்டு கமிட் ஏறின, ராஸ்மஸ் லெர்டார்ஃப், நிகிதா போபோவ் பெயரில். தலைப்பு 'எழுத்துப்பிழைத் திருத்தம்'. உள்ளே பார்த்தால் பின்வாசல். பிரவுசர் அனுப்புகிற 'யூசர் ஏஜென்ட்' ஹெடர் இருக்கிறதல்லவா, அதன் கடைசியில் இன்னொரு 'டி' சேர்த்த ஒரு போலி ஹெடரைப் படிக்கிறது. அதில் குறிப்பிட்ட ஒரு சொல்லோடு தொடங்கி எதை அனுப்பினாலும் சர்வர் அதை நிரலாக எடுத்து ஓட்டும். அவர்கள் இருவரும் அதை எழுதவே இல்லை, யாரோ அவர்கள் பெயரில் ஏற்றியது.

ஏறின கமிட்டைப் படிக்கிற பழக்கம் உள்ள ஆட்கள் இருந்ததால் சில மணி நேரத்தில் பிடித்து நீக்கினார்கள், எந்த வெளியீட்டிலும் போகவில்லை. அதற்குப் பிறகுதான் ரெப்போவை கிட்ஹப்புக்கு மாற்றினார்கள். யோசித்துப் பாருங்கள், எழுத்துப்பிழைத் திருத்தம் என்றால் நம்மில் எத்தனை பேர் திறந்து பார்ப்போம்?

---

நெல்லிக்குப்பம்_எக்ஸ்பிரஸ் · ஞாயிறு இரவு 8:05

ஹலோ அக்கா, நான் காலேஜ் கடைசி வருஷம். பிளேஸ்மென்ட்டுக்கு ஓப்பன் சோர்ஸ் கான்ட்ரிபியூஷன் இருந்தா நல்லதுன்னு சொல்றாங்க. 'ஈஸி' லேபிள் போட்ட இஷ்யூ எல்லாத்தையும் ஏஐ கிட்ட குடுத்து பேட்ச் வாங்கி போடலாமா? வாரத்துக்கு நாலஞ்சு போட்டா ப்ரொஃபைல் பச்சையா தெரியும்ல.

---

மணிக்கூண்டு · ஞாயிறு இரவு 8:40

போடலாம். போட்டால் என்னை மாதிரி ஒருத்தி ஞாயிற்றுக்கிழமையில் உட்கார்ந்து அதைப் படிக்க வேண்டும். நான் 'இந்த வரி ஏன்' என்று கேட்பேன். அந்தக் கேள்வியையும் நீ ஏஐயிடம் கொடுப்பாய். அது பணிவாக ஒரு பத்தி பதில் தரும், அதில் பாதி தப்பாக இருக்கும். நான் திரும்பக் கேட்பேன். இப்படியே போனால் நான் பேசிக்கொண்டிருப்பது யாரோடு? கருவி எதை வைத்து எழுதினாலும் சரி, ஒவ்வொரு வரிக்கும் நீயே பதில் சொல்ல முடிந்தால் அனுப்பு. முடியாவிட்டால் வேண்டாம். பயனில்லாத பேட்சைப் பேச்சில்லாமல் மூடிவிடுவார்கள்.

உண்மையிலேயே ஆசை இருந்தால், பழைய புகார் ஒன்றை எடு. இன்றைய மெயின் பிராஞ்சில் அது இன்னும் நடக்கிறதா என்று ஓட்டிப் பார். நடக்கவில்லை என்றால் எந்தக் கமிட்டில் சரியானது என்று கிட் பைசெக்ட் (கமிட்டுகளைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கட்டளை) போட்டுக் கண்டுபிடித்து எழுது. ஒரு புகாரை மூட உதவினாய் என்றால் இன்டர்வியூவில் பேச நிஜமாகவே விஷயம் இருக்கும்.

---

கெடிலக்கரை · திங்கள் இரவு 10:12

யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இஸ்ஆல்ஃபா பேட்சை அனுப்பவில்லை. டபிள்யூ மாற வேண்டும் என்பதில் நான் மாறவில்லை, அந்த 'கடல்சார்' உதாரணத்தைப் பழைய இழையில் போட்டுவிட்டேன், அங்கே அந்த மாதிரி இல்லை.

சங்கத்து வேலைக்கு யூனிகோடுடேட்டாவின் கேட்டகரியை வைத்து ஒரு சின்னச் செயல்பாடு எழுதிக்கொண்டேன். முதல் குறி எல் வகையாக இருக்க வேண்டும், பிறகு எல், எம்சி, எம்என் வரலாம். அதற்கு முன் எல்லாவற்றையும் யூனிகோடின் ஒரே சீரான வடிவமான என்எஃப்சிக்கு மாற்றுகிறேன். ஏனென்றால் 'கொ' என்பதைச் சில கீபோர்டு ஒற்றை ஒகரக் குறியோடு அனுப்புகிறது, சிலது கொம்பு தனி, கால் தனியாக அனுப்புகிறது. பார்க்க ஒன்று, நீளம் ஒன்றில் 2, இன்னொன்றில் 3. ஒரே ஆள் பதிவேட்டில் இரண்டு முறை ஏறியது அதனால்தான்.

பைத்தானுக்கு ஆவணத் திருத்தம் ஒன்று அனுப்பலாமா? இஸ்ஆல்ஃபா பகுதியில் இப்படி: "எச்சரிக்கை: இந்தச் செயல்பாட்டில் உள்ள பிழையால் தமிழ், இந்தி போன்ற பல மொழிகளின் சொற்களுக்குத் தவறான விடை வரும். உயிர்க்குறிகளும் புள்ளியும் எழுத்தாகக் கருதப்படுவதில்லை. எனவே பெயர்களைச் சரிபார்க்க இதைப் பயன்படுத்த வேண்டாம்." ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறேன், பொருள் இதுதான்.

---

பழைய_கமிட் · திங்கள் இரவு 11:05

அனுப்பலாம். வரிவரியாகச் சொல்கிறேன்.

'எச்சரிக்கை' வேண்டாம், அந்தப் பெட்டியைப் பெரும்பாலும் பாதுகாப்பு ஆபத்து போன்றவற்றுக்கு வைத்திருக்கிறார்கள். 'பிழையால்', 'தவறான' இரண்டையும் எடுங்கள். ஆவணமே தன்னைப் பிழை என்று சொல்லிக்கொண்டால் படிக்கிறவன் எதை நம்புவான்? என்ன நடக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும். ஆல்ஃபபெடிக் பண்பு வேறு என்று ஏற்கெனவே ஒரு வாக்கியம் இருக்கிறதல்லவா, அதை அடுத்து ஒட்டுங்கள்: சேர்ந்து வரும் உயிர்க்குறிகள் எம் வகை என்பதால் அவை உள்ள சொற்களுக்கு ஃபால்ஸ் வரும். அதற்குக் கீழே இரண்டு வரி உதாரணம், 'பல' ட்ரூ, 'பலா' ஃபால்ஸ். நீங்கள் முதல் பதிவில் போட்டதே போதும், ஒரே ஒரு குறிதான் வித்தியாசம், கண்ணில் பட்டுவிடும்.

கடைசி வாக்கியத்தை விட்டுவிடுங்கள். பெயர் சரிபார்ப்பு என்பது தனிச் சண்டை. அது போகட்டும், உங்கள் பதிவேட்டில் இனிஷியலை எங்கே போடுகிறார்கள்? 'மு. கனகா' என்று அடித்தால் அந்தப் புள்ளியும் இடைவெளியும் உங்கள் புதுச் செயல்பாட்டிலும் மாட்டிக்கொள்ளுமே?

---

கெடிலக்கரை · திங்கள் இரவு 11:18

ஐயோ. மாட்டிக்கொள்கிறது. இனிஷியலுக்குத் தனிக் கட்டம் வைக்கிறேன்.

---

மணிக்கூண்டு · செவ்வாய் காலை 6:55

இனிஷியல் பின்னால் போடுகிறவர்களும் இருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்சைப் பற்றிச் சில நடைமுறை. முதல் தடவை என்பதால் பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்கும், ஆன்லைனிலேயே முடிந்துவிடும். ஆவணத் திருத்தத்துக்கு நியூஸ் (மாற்றப் பட்டியல்) பதிவு வேண்டாம், 'ஸ்கிப் நியூஸ்' லேபிள் போடச் சொல்லிக் கேளுங்கள், உங்களால் போட முடியாது. யாராவது மாற்றம் கேட்டால் புதிய கமிட்டாகச் சேர்த்துக்கொண்டே போங்கள், பழைய கமிட்டை மேலெழுதும் ஃபோர்ஸ் புஷ் வேண்டாம். முன்னால் பார்த்தவர் எதுவரை பார்த்தார் என்பது அழிந்துவிடும். கடைசியில் எல்லாவற்றையும் ஒரே கமிட்டாகத்தான் சேர்ப்பார்கள், அதனால் வரலாறு அசிங்கமாகத் தெரிகிறதே என்று கவலைப்படாதீர்கள். கோர் டெவலப்பர் கேட்ட மாற்றத்தை முடித்ததும் டெவ்கைடில் (பங்களிப்போர் கையேடு) இதற்கென்று இருக்கும் ஆங்கில வாக்கியத்தை அப்படியே கமெண்டில் போட்டால்தான் தானியங்கி பாட் லேபிளை மாற்றும். சில வாரம் யாரும் பார்க்கவில்லை என்றால் டிஸ்கோர்ஸில் பணிவாக ஒரு வரி கேட்கலாம். மறுநாளே போய் 'அப்டேட் என்ன' என்று கேட்காதீர்கள்.

---

சில்வர்பீச் · செவ்வாய் காலை 9:30

நீங்க எல்லாம் ரொம்ப பொறுமைசாலிங்க. 2007 பக்கு 2007 பக்குதான், என் கருத்துல மாத்தம் இல்ல. சரி, அந்த மெயின் பிராஞ்ச கம்பைல் பண்றப்ப எஸ்எஸ்எல் மாட்யூல் பில்ட் ஆகலன்னு வருது, உபுண்டு. இன்னா பண்ணணும்?

---

மணிக்கூண்டு · செவ்வாய் காலை 9:52

ஓப்பன்எஸ்எஸ்எல்லின் டெவ் பேக்கேஜை ஏப்டியில் நிறுவிவிட்டு மறுபடி கான்ஃபிகர் ஓட்டு தம்பி. இசட்லிப், ரீட்லைன் டெவ் பேக்கேஜும் கேட்கும், சேர்த்தே போட்டுவிடு.

---

கெடிலக்கரை · செவ்வாய் இரவு 9:20

அனுப்பிவிட்டேன். 'அவெய்ட்டிங் ரிவ்யூ' என்று இருக்கிறது. லிண்ட் (எழுத்து நடைச் சோதனை) மட்டும் சிவப்பு.

---

மணிக்கூண்டு · செவ்வாய் இரவு 9:37

பார்த்தேன். உதாரணத்தின் இரண்டாவது வரிக் கடைசியில் ஒரு ஸ்பேஸ் தொங்குகிறது. அதை எடுத்துவிட்டுப் புதுக் கமிட்டாகப் போடுங்கள். நான் இன்றிரவு ஆவணத்தை பில்ட் செய்து, அந்த இரண்டு வரியும் ஓடுகிறதா என்று பார்த்துக் கமெண்ட் போடுகிறேன்.